அந்தக் கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது

அப்பு,

நீ என் போனை எடுப்பதில்லை. நான் அனுப்புகிற செய்தியைப் பார்த்துவிட்டாய் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் வரும். நாலு நாளைக்கு முன்னால் நீயாக ஒரு வரி அனுப்பியிருந்தாய்: "கல்யாணத்தை நிறுத்திரும்மா." காரணம் இல்லை, எப்படி இருக்கிறாய் என்று ஒரு விசாரிப்பு இல்லை. ஏலக்காய் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவன்கூட ஏன் திருப்புகிறேன் என்று இரண்டு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவான். அதனால் இதை எழுதி, போடி வியாபாரிகள் எல்லாரும் வாங்குகிற இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெங்களூரில் நம் சரக்கு எடுக்கிற கடைகளுக்கும் அது போகும். யாராவது உன் கையில் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஊர் சிரிக்குமே என்று நினைப்பாய். சிரிக்கட்டும். மலையில் விறகு அடுப்பு வைத்துக் காய் உலர்த்துகிறவர்கள் நாலு பேர் படித்தால் எனக்கு அது போதும். உனக்குப் பேசி வைத்திருக்கும் சிலமலைப் பெண் தேன்மொழியிடமும் கேட்டுவிட்டேன். "எம்பேரைப் போட்டே எழுதுங்கத்தை, நான் என்ன களவா செஞ்சுட்டேன்?" என்றாள்.

உன் அப்பா போன ஆடி மழையில் நம் ஸ்டோரில் செத்துப்போனதற்கு நீதான் காரணம் என்று நீயே ஒரு முடிவு கட்டிக்கொண்டாய். கருமாதி முடிந்த மறுநாள் பஸ் ஏறினவன் திரும்பி வரவில்லை. வேலைக்கும் போவதில்லை என்று உன்னோடு அறையில் இருக்கும் பையன் சொன்னான். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறதாம். உன்னிடம் வந்து ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் ஆறுதல் சொல்ல எழுதவில்லை. எனக்கு அது வராது என்பது உனக்குத் தெரியும். நடந்ததை நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசவில்லை. பேசாமல் மூடி வைத்த சரக்கு உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நம் குடோனில் முதன்முதலாகக் காயைத் தரம் பிரிக்கிற மிஷினை நீதான் கொண்டுவந்து மாட்டினாய். உன் கம்பெனி செய்ததே அந்த மிஷினுக்குள் இருக்கிற கண்தானே. மேலே கொட்டுகிற காய் சரிவில் வழுக்கி விழும். விழுகிற நேரத்தில் விளக்கு வெளிச்சம் படும். வெளுத்த காயாக இருந்தால் காற்று 'புஸ்' என்று அடித்துத் தனியே தள்ளிவிடும். நான் வாய் பிளந்து நின்றேன். ஆனால் தெரியாத பொருளை நான் வாங்குவதில்லை. நான் ஒரு குடோன் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கி, அப்புறம் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போய்ச் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் சில்லறையாக வாங்கி விற்று மேலே வந்தவள். என்னிடம் யாரும் இது நல்லது என்று சொன்னால், எதனால் நல்லது என்று கேட்காமல் விட்டதில்லை. உன்னையும் விடவில்லை. நீ அந்தக் கண்ணுக்குள் இருக்கிற சில்லு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். சின்ன விரல் நகத்தில் கால்வாசி இருக்கும்.

"அம்மா, இது சிலிக்கான். மணல்ல இருந்து எடுக்குறது. இதுக்குள்ள எலக்ட்ரான் எல்லாம் அதது எடத்துல கட்டிப்போட்ட மாதிரி கெடக்கும். வெளிச்சங்கிறது தண்ணி மாதிரி ஒழுகி வர்றதில்ல, பொட்டுப் பொட்டா வருது. ஒரு பொட்டு வந்து மோதுனா ஒரு எலக்ட்ரான் கட்டறுத்துக்கிட்டு வெளிய வரும்."

"எந்தப் பொட்டு மோதுனாலும் அறுந்துருமா?"

"தெம்புள்ள பொட்டா இருக்கணும். தெம்பில்லாதது லட்சம் வந்து முட்டுனாலும் ஒண்ணு அசையாது."

"சரி, அறுந்தது எங்கிட்டுப் போகும்? அங்கனயே நிக்குமா?"

"அங்கதாம்மா சூட்சுமம். இதுல ரெண்டு தினுசு சிலிக்கானை ஒட்டி வச்சிருக்கு. ஒட்டுன எடத்துல ஒரு சரிவு இருக்கும், நம்ம போடிமெட்டுச் சரிவு மாதிரின்னு வச்சுக்க. கட்டறுந்தது அந்தச் சரிவுல உருண்டு ஒரே பக்கமா ஓடும். அந்த ஓட்டந்தான் கரண்டு. வெளிச்சம் கூடுனா ஓட்டம் கூடும், கொறைஞ்சா கொறையும். அதை அளந்துதான் இந்தக் காயி பச்சை, இது வெளுப்புன்னு பிரிக்குது."

"வெளிச்சமே இல்லாட்டி ஓட்டமே இருக்காதாக்கும்?"

"அப்பவும் கொஞ்சூண்டு ஓடும். இருக்குற சூட்டுலயே சிலது கட்டறுத்துக்கிரும். இருட்டு ஓட்டம்னு அதுக்குப் பேரு. அதைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் பாக்கணும்."

"யாவாரமே நடக்காத அன்னிக்கும் கடை வாடகை ஓடுற மாதிரியா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "உன்னைய எங்க ஆபீஸ்ல சேத்துக்கலாம்மா" என்றாய். சாக்கு தைத்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்காமலே, "இவளச் சேத்தா உங்க மொதலாளி வெளிய போகணும்ப்பா" என்றார். அந்த மனிதர் மாதத்துக்கு ஒரு தடவைதான் பேசுவார். பேசினால் அப்படித்தான் இருக்கும்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் எல்லாமே அதில்தான் நிற்கிறது. ஒருத்தன் என்னிடம் விற்கப் பார்த்த சாயம் ஏற்றிய காய் ஒரு கைப்பிடி வைத்திருந்தேன். வெளுத்த காயில் பச்சைச் சாயம் ஏற்றிக் காயவைத்து நல்ல காய் என்று தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் பழைய திருட்டுத்தனம். நான் ஈரத்துணியில் நாலு காயை வைத்துத் தேய்ப்பேன். துணி பச்சையானால் மூட்டையைத் திருப்பிவிடுவேன். அந்தக் கைப்பிடியை உன் மிஷினில் கொட்டினேன். அத்தனையையும் நல்ல காய்ப் பக்கம் அனுப்பிவிட்டது. "உன் மிஷினுக்குக் கண்ணு இருக்குடா, கை இல்ல" என்றேன். உனக்கு ரோசம் வந்துவிட்டது. "அது நெறத்தைத்தாம்மா பாக்கும். அந்த நெறம் எதுனால வந்துச்சுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு பொருளு ஒரே மாதிரி வெளிச்சத்தைத் திருப்புனா அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று கத்தினாய். உன் வாயால் சொன்னாய். என் காதால் கேட்டேன்.

விரலில் மாட்டுகிற கருவியை நீ அப்பாவுக்கு வாங்கித் தந்தது அதற்கு அப்புறம். மலைக்குளிரிலும் அடுப்புப் புகையிலும் அவருக்கு அடிக்கடி இளைப்பு வரும் என்பதால் வாங்கினாய். அதிலும் அதே சில்லுதான் என்று பெருமையாகச் சொன்னாய். மேலே இரண்டு விளக்கு, ஒன்று சிவப்பு, ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. மாறி மாறி மின்னும். நடுவில் விரல். கீழே சில்லு. நல்ல காற்று ஏறின ரத்தம் சிவப்பு வெளிச்சத்தை நிறைய விடும், ஏறாத ரத்தம் தடுக்கும். எவ்வளவு கீழே வந்து சேருகிறது என்று எண்ணிப் பார்த்து எண் காட்டும். அப்பா அதைச் சட்டைப்பையில் பீடிக்கட்டோடு வைத்துக்கொண்டு திரிந்தார். "எம்மகன் குடுத்த டாக்டரு" என்று ஜீப்பு டிரைவரிடம் எல்லாம் காட்டினார்.

வெளியூர்க்காரர் யாராவது படித்தால் விளங்கவேண்டும் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மலையில் நாங்கள் ஸ்டோர் என்பது கடை இல்லை. பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். கீழே அடுப்பறை, அதில் விறகு எரியும், புகையும் சூடும் தகரக் குழாய்க்குள் ஓடி மேல் அறையைச் சூடாக்கிவிட்டுக் கூரைக்கு மேலே வெளியேறும். மேல் அறையில் தட்டுத் தட்டாகக் காய் இருக்கும். சூடு ஒரே சீராக நிற்கவேண்டும். ஏறி இறங்கினால் பச்சை போய்விடும், பச்சை போனால் காய்க்கு மதிப்பு இல்லை. அதனால் மழைக்காலத்தில் அடுப்பறைக் கதவைச் சாத்தி, சன்னல் சந்தில் சாக்கைத் திணித்து, அங்கேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வது மலை முழுக்க இருக்கிற பழக்கம். உன் அப்பாவும் அப்படித்தான் படுத்தார். அந்தத் தடவை பச்சை ஒரு பிசிறு குறையக்கூடாது என்று போனில் நான்தான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

தலைவலி, வாந்தி என்று அவர் போன் பண்ணினார். நீ விடுமுறையில் வந்திருந்தாய். இரண்டு பேரும் ஜீப்பு பிடித்து ஏறினோம். நாம் போனபோது மத்தியானம். கட்டிலில் கிடந்தார். கன்னம் இரண்டும் சிவந்து, பார்க்கப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். "தலைதான் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அதை விடு, மேல போயி காயைப் பாரு, பச்சை எப்பிடி நிக்குதுன்னு" என்றார். நீ அவர் பையிலிருந்தே கருவியை எடுத்து விரலில் மாட்டினாய். தொண்ணூற்றெட்டு. வேறு விரலில் மாட்டினாய். அதே தொண்ணூற்றெட்டு. "ஆக்சிஜன் அருமையா இருக்கும்மா. பித்தமா இருக்கும், இல்ல பழைய கொழம்பைத் தின்னுருப்பாரு" என்றாய். எனக்கும் உயிர் வந்தது. கீழே ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, அறுத்து எடுக்க நேரமாகும் என்று டிரைவர் வந்து சொன்னான். எண் மோசமாக இருந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டாவது இறங்கியிருப்போம். நல்ல எண். காலையில் போய்க்கொள்ளலாம் என்று விட்டோம்.

வெளியே கொண்டுவந்து உட்காரவைத்த கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தலைவலி குறைகிற மாதிரி இருந்தது. ஆனால் குளிரில் நடுங்கினார். "உள்ள கொண்டு போயிப் படுக்க வைப்போம், கதகதன்னு இருக்கும்" என்றது நான். கைத்தாங்கலாகக் கொண்டுபோனது நீ. காய் பாதி ஈரத்தில் இருந்தது, அடுப்பு அணையக்கூடாது என்று விறகை அள்ளி வைத்ததும் நான். கதவைச் சாத்திவிட்டு நாம் முன்கொட்டகையில் படுத்தோம். விடிந்து கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. காய் மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது. அந்தப் பச்சையை மாதிரி ஒரு பச்சையை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை.

தேனி ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த டாக்டர் நம் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். விறகு சரியாகக் காற்றுக் கிடைக்காமல் எரிந்தால் ஒரு நச்சுவாயு வரும், அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. ஆனால் ரத்தம் கறுக்காது, நல்ல ரத்தத்தைவிடச் சிவப்பாகவே இருக்கும். நான் கேட்டேன், "அப்ப விரல்ல மாட்டுற அந்தக் கிளிப்பு ஏன் சார் நல்லா இருக்குன்னு சொல்லுச்சு?" அவர் சொன்னார், "அதுக்குச் சிவப்பு வெளிச்சம் எவ்வளவு வருதுன்னுதாம்மா தெரியும். அதுக்கு இதுவும் அதுவும் ஒண்ணுதான்." அவர் முடிக்கிறதற்குள் நீ சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. உனக்கு அந்த ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. சாயம் ஏற்றின காய்தான், அப்பு. சாயம் ஏற்றின ரத்தம். நீ கத்திச் சொன்ன அதே வார்த்தையை ஒரு வருஷம் கழித்து டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாம் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். "தூங்குற மாதிரியே இருக்காரு, மொகத்துல என்னா களை!" என் சின்ன நாத்தனார் அவர் கன்னத்தைத் தடவி, "புது மாப்ள கணக்கா இருக்கியேண்ணே" என்று அழுதாள். நீ எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாய். அந்தச் சிவப்பு என்ன சிவப்பு என்று அந்த வீட்டில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எழுந்து உன் பின்னால் வந்திருக்கவேண்டும். வந்தவர்களைக் கவனிக்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வந்தால் நீ என்ன கேட்பாய் என்று எனக்குப் பயம்.

இப்போது கேள். நீ தப்பே பண்ணவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பொய் சொல்லி விற்கிற பழக்கம் எனக்கு இல்லை. எண்ணைப் பார்த்ததும் நீ மனிதனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாய். தலை தெறிக்கிறது என்று அவர் வாயால் சொன்னார். வெளியே உட்கார்ந்தால் குறைகிறது என்று கண்ணால் பார்த்தோம். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்தச் சின்னத் திரையை நம்பினோம். ஆயிரம் மூட்டையை ஈரத்துணியில் தேய்த்துப் பார்த்தவள் நான். என் புருஷனைத் தேய்த்துப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினேன், விறகை வைத்தேன். யாருடையது அதிகம், யாருடையது கம்மி என்று நீ பெங்களூரில் ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்தத் தராசில் உன் பக்கமே எல்லாவற்றையும் வைக்கிறாய். அது நியாயமும் இல்லை, மரியாதையும் இல்லை. உன் அம்மா ஒன்றும் அறியாதவள், அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒதுக்குகிற மாதிரி இருக்கிறது. என்னைச் சேர். குழாய் மூட்டில் துரு தின்று விரல் நுழைகிற ஓட்டை இருந்ததை அப்புறம் பார்த்தோமே, அதை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லாத எல்லாரையும் சேர். சேர்த்துவிட்டால் உன் பங்கு இல்லாமல் போய்விடாது. ஆனால் தூக்குகிற அளவுக்கு வரும்.

எனக்கும் சும்மா இருக்கிற நேரத்தில் ஓடுகிறது. காய் அளக்கும்போது, பஸ்சில் போகும்போது, யாராவது சிரித்துப் பேசும்போது, உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இருட்டு ஓட்டம் என்றாயே, அது இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அதை நிறுத்த முடியாது என்று நீதான் சொன்னாய். அதைக் கழித்துவிட்டுத்தான் வந்த வெளிச்சத்தை எண்ணவேண்டும் என்றும் நீதான் சொன்னாய். நான் கழிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நன்றாக வருகிறது என்று சொல்லமாட்டேன்.

உன்னால் எனக்கு இப்போது ஆகவேண்டிய சோலி ஒன்று இருக்கிறது. போன வாரம் தோட்டத்தைப் பார்க்க மலைக்குப் போனேன். முதல் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. நமக்குப் பக்கத்து ஸ்டோர் மாணிக்கண்ணன் வாசலில் நின்று ஜீப்பிலிருந்து லோடு இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் அடுப்புப் பார்க்க வடக்கே இருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் கட்டில் அடுப்பறைக்குள் கிடந்தது. கதவு சாத்தி, சந்தில் சாக்குத் திணித்திருந்தது. நான் நேரே போய்க் கதவைத் தள்ளித் திறந்தேன்.

"என்னக்கா, அண்ணன் போனதுல இருந்து ஸ்டோர் ஸ்டோரா ஏறிக் கதவைத் தொறந்து விடுறியாம்ல? சூடு போகுது, சாத்து" என்றார் மாணிக்கண்ணன்.

"இவங்களை வெளிய படுக்கச் சொல்லுங்கண்ணே. கொழாயைக் கழத்திப் பாருங்க."

"எங்கொழாய்க்கு என்ன கேடு? அவங்களுக்கு என்ன கேடு? இந்தா பாரு." உள்ளே போய்ச் சுவரில் ஆணியில் தொங்கிய கருவியை எடுத்தார். கொரோனாவில் வாங்கினது, இப்போது எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்கிறதே. அந்தப் பெண்ணின் விரலில் மாட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தொண்ணூத்தொம்பது! உனக்கு மாட்டுனா இம்புட்டு வராது."

அந்தப் பெண் சிரித்தாள். மலையில் பழகின மலையாளமும் தமிழும் கலந்து, தலை மட்டும் கொஞ்சம் வலிக்கிறது என்றாள். நான் சொல்லிப் பார்த்தேன் அப்பு. நச்சுவாயு என்றேன், ரத்தம் என்றேன், வெளிச்சம் என்றேன். எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கடைசியில் சாயம் ஏற்றின காய் கதையைச் சொன்னேன். மனிதர் கோபித்துக்கொண்டார், அவர் சாயம் ஏற்றி விற்கிறார் என்று குத்திக்காட்டுகிறேனாம். "புருசன் செத்த வருத்தம், பேசிட்டுப் போன்னு விட்டா, எந்தொழில்ல கை வைக்கிறியே" என்றார். நான் அந்த வாசப்படியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கதவைச் சாத்தவேண்டும் என்றால் என்னைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சாத்தவேண்டும். பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எரிச்சலில் கட்டிலைத் தூக்கி வெளிக்கொட்டகையில் போடச் சொன்னார். "இன்னிக்குப் போடுறேன், நாளைக்கு நீ வரமாட்டேல்ல? போக்கா, போயி உன் மகனைக் கூட்டியா. அவன்தானே இந்தக் கருவியெல்லாம் செய்யுறவன், அவன் சொல்லட்டும், கேக்குறேன்" என்றார்.

கட்டில் இன்றைக்கு எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் மாதிரி இந்தச் சரிவு முழுக்க இருக்கிறார்கள், தேவாரம் பக்கம், மெட்டுக்கு மேலே, எல்லா இடத்திலும். எல்லார் வீட்டிலும் அந்தக் கருவி இருக்கிறது, எல்லாருக்கும் அது நல்ல எண்தான் காட்டும். நச்சுவாயுவை அறிய வேறு கருவி தனியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வாங்கிவிடலாம், வாங்குவது பெரிய காரியம் இல்லை. கையில் இருக்கிறது நல்ல எண் காட்டும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. வெளிச்சத்தை எண்ணுகிற சில்லுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவர்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்ல நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னவன் அவர்கள் உள்ளங்கையிலும் வைத்துச் சொல். உன் வாயிலிருந்து வந்தால் அவர்கள் கேட்பார்கள், ஏனென்றால் அதே கருவியை நம்பி அப்பனைக் கொடுத்தவன் நீ. அது உனக்குக் கசக்கும். எனக்கும் எழுதக் கசக்கிறது.

இனி தேன்மொழி. உன் ஒரு வரிச் செய்தியை நான் அவளிடம் மறைக்கவில்லை. வருஷ தெவசம் முடிந்த கையோடு ஆவணியில் கல்யாணம் என்று அவள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம். அவள் அப்பா நடத்துகிற மாட்டுத்தீவனக் கடையில் அவள்தான் கல்லாவில் உட்காருகிறாள், வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். போன் பண்ணிச் சொன்னேன். பஸ்சைப் பிடித்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அத்தை, அவரு என்னைய வேணாம்ங்கிறாரா, தன்னையவே வேணாம்ங்கிறாரா? அது எனக்குத் தெரியணும்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே எழுதின மாதிரியே. தொண்ணூற்றெட்டு, கதவு, விறகு, ஒன்றையும் விடவில்லை. எதையாவது மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அதுவும் சாயம் ஏற்றின சரக்குத்தானே.

கேட்டு முடித்தவள், "அந்த எடத்தை எனக்குக் காட்டுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். "வெரசா கெளம்புங்கத்தை, ஜீப்பு போயிரும்" என்று செருப்பை மாட்டிவிட்டாள். போனோம். ஒரு வருஷமாக அந்த அடுப்பறையை நான் திறக்கவில்லை. நம் காயை வேறு ஸ்டோரில் கொடுத்துத்தான் உலர்த்துகிறேன். திறந்ததும் பழைய சாம்பல் வாடை. கட்டில் போட்டது போட்ட மாதிரி இருந்தது. "எங்கிட்டுத் தலை வச்சிருந்தாரு?" என்று கேட்டாள். காட்டினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழாயைத் தடவினாள். துரு தின்ற ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அத்தை, இந்த எடத்துல வந்து நிக்காம அவரு எனக்குத் தாலி கட்டுனாருன்னா, நான் காலம்பூரா இந்த அறைக்குள்ளதான் குடித்தனம் பண்ணணும். கட்டாட்டியும் அவரு இதுக்குள்ளதான் இருப்பாரு."

எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. நல்ல பெண் கிடைத்திருக்கிறாள் என்று விற்கிற மாதிரி பேசமாட்டேன். மண்டபத்துக்காரர் கேட்டார், கல்யாணம் உண்டு என்று சொல்லிவிட்டேன். நிறுத்த வேண்டும் என்றால் நீயே வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் யாருக்காகவும் தூது போகமாட்டேன். தாலி கட்ட வந்தாலும் சரி, வேண்டாம் என்று சொல்ல வந்தாலும் சரி, வரவேண்டும். வந்து முதலில் அந்தக் குழாயைப் பிடுங்கிப் போடு. மாணிக்கண்ணன் வாசலில் போய் நில். அதற்கப்புறம் பெங்களூரோ எங்கேயோ, உன் இஷ்டம்.

அன்றைக்கு அடுப்பறையைப் பூட்டிவிட்டு நான் சாவியை முந்தியில் முடியப் போனேன். தேன்மொழி கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். சாவி அவளிடம் இருக்கிறது, அப்பு. கேட்டு வாங்கிக்கொள்.

அம்மா